இரண்டு மில்லி தண்ணீர்

ஊசியக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. நரம்பே தெரியாத குண்டுக் கையாக இருந்தாலும் சரி, அலறுகிற குழந்தையின் கையாக இருந்தாலும் சரி, ஒரே குத்து, வேலை முடிந்தது. "எடுத்தாச்சா? எப்ப குத்தினீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் நிறைய. ஆனால் அடுத்தவர் கை வேறு, தன் கை வேறு. ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து, இடது கையை மேஜை விளிம்பில் நீட்டி வைத்துக்கொண்டு தனக்குத்தானே குத்திக்கொள்ளும்போது, அந்தக் கெட்டிக்காரக் கைக்கும் இரண்டு குத்து தேவைப்பட்டது.

அந்த வாரம் திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாளும் அவள் அதைச் செய்தாள். காலை ஆறரை மணிக்கு, பெருக்கித் துடைக்கிற அம்மா வாளியோடு வருவதற்கு முன்னால், வரவேற்பறை விளக்கைக்கூடப் போடாமல். டாக்டர் சீட்டு இல்லாமல் லேபில் வேலை செய்கிறவர்கள் தங்கள் ரத்தத்தைத் தாங்களே ஓட்டிப் பார்க்கக் கூடாது என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதை ஒட்டியவளும் அவள்தான்.

லேபில் செய்த திருட்டு அது. வீட்டில் செய்தது அதைவிடப் பெரியது.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இரண்டு தடவை கரு தங்கியது, இரண்டு தடவையும் ஏழு வாரத்துக்குள் போய்விட்டது. இரண்டு தடவையும் அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தம் கொடுத்து ஹார்மோன் அளவு பார்த்தாள். ஏறிய நாளில் இரண்டு பேரும் படுத்துக்கொண்டே பெயர் யோசித்தார்கள். இறங்கிய நாளில் அடுப்பே பற்றவைக்கவில்லை. இந்தத் தடவை நாள் தள்ளிப்போனது உறுதியான அன்றைக்கே அவர் அவளை எதிரில் உட்கார வைத்துச் சொன்னார்.

"இங்க பாரு, இந்த தடவ நம்பரே வேணாம். ஏழாவது வாரம் ஸ்கேன் பாக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க இல்ல? அது வரைக்கும் நீயும் பாக்காத, என்கிட்டயும் சொல்லாத. நம்பர் பாத்தா மட்டும் தங்கிடப் போகுதா? போன ரெண்டு தடவ பட்டது போதும்."

"சரிங்க."

"சரின்னா சத்தியமா?"

"சத்தியமா பாக்க மாட்டேன்."

அவள் மனதாரத்தான் சொன்னாள். ஆனால் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்துகொண்டு, ஊரில் இருக்கிறவள் வயிற்றையெல்லாம் அளந்து சொல்லிவிட்டு, தன் வயிற்றை மட்டும் அளக்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா? நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஐந்தாம் நாள் பட்டையை எடுத்துப் பல்லில் கடித்தாள்.

கரு தங்கியதும் ரத்தத்தில் ஊற ஆரம்பிக்கிற அந்த ஹார்மோனை லேபில் பீட்டா என்பார்கள். ஆரம்ப வாரங்களில் அது இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை ஏறக்குறைய இரட்டிப்பாகிக்கொண்டே போகும். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, "அக்கா, ஐந்நூறுன்னு இருக்கே, நல்லதா?" என்று கேட்கிறவர்களிடம் ஊசியக்கா எப்போதும் ஒரே பதில்தான் சொல்வாள். "ஒரு நம்பர் ஒண்ணும் பேசாதும்மா. ரெண்டாவது நம்பர் வந்தாத்தான் பேச ஆரம்பிக்கும்." ஐந்நூறு நல்ல ஐந்நூறாகவும் இருக்கலாம், கெட்ட ஐந்நூறாகவும் இருக்கலாம். ஏறுகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா என்பதுதான் சேதி.

அவளுடைய திங்கட்கிழமை நம்பர் அறுநூற்று நாற்பது. புதன்கிழமை ஆயிரத்து முந்நூற்றுப் பத்து.

புதன்கிழமை முழுக்க அவள் தரையில் நடக்கவில்லை. லேபில் எல்லாரும் மாமியார் என்று கூப்பிடுகிற அந்தப் பெரிய மெஷினை, அன்றைக்கு இரண்டு தடவை துடைத்தாள். அது எப்போதும் எதற்காவது கத்திக்கொண்டே இருக்கும். தண்ணீர் தீர்ந்தால் கத்தும், குப்பை நிறைந்தால் கத்தும், ஒன்றுமே இல்லையென்றாலும் பழக்கதோஷத்தில் ஒரு தடவை கத்திவைக்கும். ஊசியக்காவுக்கு வீட்டில் மாமியார் கிடையாது. அந்தக் குறையை இது தீர்த்து வைத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மாமியார் சொன்ன நம்பர் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு.

அதே ட்யூபை எடுத்து இன்னொரு தடவை வைத்தாள். பதினெட்டு நிமிஷம் ஆகும். அந்தப் பதினெட்டு நிமிஷமும் நாற்காலியில் உட்காராமல், கண்ணாடி மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஆயிரத்து இருநூற்று நாலு என்று வந்தது. இரண்டாயிரத்தைத் தாண்டியிருக்க வேண்டிய நம்பர். ஏறவில்லை, நிற்கவில்லை, இறங்கியிருக்கிறது. மூன்றாவது தடவை இதே கதை என்று சத்தமாகவே சொன்னாள். கேட்க யாரும் இல்லை. இரண்டு சீட்டையும் கிழித்து மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, ட்யூபைக் குளிர்பெட்டியின் பின்வரிசையில் தள்ளிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தாள். வெளியே அதற்குள் ஆறு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நாலாவதாக வந்தது வேன்காரி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண், முப்பதுகூட இருக்காது. புதன்கிழமை முதல் தடவையாக வந்து பீட்டா கொடுத்துவிட்டுப் போனவள்.

"சீக்கிரம் எடுத்து விடுங்கக்கா. எட்டு மணிக்கு வண்டிய எடுக்கணும். பதினாலு வாண்டுங்க தெருமுனையில நிக்கும். வண்டியில பதினாலு, வயித்துல ஒண்ணு, எல்லாத்தையும் நான்தான் மேய்க்கணும்."

"கைய மடக்கும்மா."

"என்னக்கா, இன்னிக்கு மொகமே சரியில்ல?"

"தூக்கம் சரியில்ல. பஞ்ச அழுத்திப் புடி."

அவ்வளவுதான் பேச முடிந்தது. வழக்கமாக வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறவள், அன்று காலை முழுக்கப் பெயரைச் சரிபார்த்தாள், குத்தினாள், ஒட்டினாள், அனுப்பினாள். பதினொரு மணிக்கு வீட்டுக்காரர் போன் பண்ணினார். ஏதோ அலுவலகக் கட்டிடத்தில் ஏழாவது மாடியில் லிஃப்ட் சிக்கிக்கொண்டதாம், வருவதற்கு நேரமாகுமாம். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "ம்" என்றாள். தண்ணீர்கூட இறங்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது? அதைச் சொன்னால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் சத்தியத்தை உடைத்ததையும் சொல்ல வேண்டும்.

மத்தியானம் மூன்று மணிக்கு இன்னொரு போன் வந்தது. மகப்பேறு டாக்டர் ஒருவரின் கிளினிக்கிலிருந்து நர்ஸ் பேசினாள்.

"ஊசியக்கா, ஒரு பீட்டாவ கன்ஃபர்ம் பண்ணணும். அந்த வேன் ஓட்டுற பொண்ணு. இன்னிக்கு எண்ணூத்தி எழுபதுன்னு வந்திருக்கு. அதுதானா?"

"அதுதான். ஏன் சிஸ்டர்?"

"புதன்கெழம எண்ணூத்தி தொண்ணூறு. ஏறவே இல்ல. ஒரு பக்கமா வலி வேற இருக்காம். ஸ்கேன் பாத்தாங்க, கர்ப்பப்பைக்குள்ள ஒண்ணும் தெரியல. கருக்கொழாய்ல மாட்டிட்டிருக்கும்னு டாக்டர் சந்தேகப்படறாங்க. நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கு. ஊசி போட்டுக் கரைச்சிடலாம்னு."

போனை வைத்தபிறகும் ஊசியக்கா அங்கேயே நின்றாள். பாவம் அந்தப் பெண் என்று ஒரு நொடி நினைத்தாள். அடுத்த நொடி நினைத்தது வேறு. இவளுக்கும் புதனுக்கு அப்புறம் ஏறவில்லை. எனக்கும் புதனுக்கு அப்புறம் ஏறவில்லை.

கணினி முன்னால் போய் உட்கார்ந்து அன்றைக்குப் பீட்டா கொடுத்தவர்களின் பட்டியலை எடுத்தாள். ஐந்து பேர். அதில் இரண்டு பேர் புதிது, ஒப்பிட முன்பு ஒன்றும் இல்லை. மிச்சம் மூன்று பேருக்கு அந்த வாரத்திலேயே இன்னொரு நம்பர் இருந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்றுமே அசையாமல் கிடந்தன. ஒருத்திக்குக் கொஞ்சம் குறைந்தே இருந்தது.

ஒரே நாளில் மூன்று பேர் வயிற்றிலும் கெட்டது நடக்குமா? தன்னையும் சேர்த்தால் நாலு. அவளுக்குக் காது சூடாகியது. தப்பு வயிற்றில் இல்லை, மெஷினில் இருக்கிறது. அன்றைக்குக் காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முழு மூச்சு விட்டாள்.

எழுந்து நேராகப் பொறுப்பாளரிடம் போனாள். சீஃப் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். எதிரில் இருப்பவர் முகம் தெரியாமல் திட்டுவது அவருக்கு வசதி.

"சார், பீட்டா எல்லாம் கம்மியா வருது. மெஷின்ல ஏதோ கோளாறு."

"காலைல கண்ட்ரோல் ஓட்டினியா?"

"ஓட்டினேன் சார்."

"பாஸ் ஆச்சா?"

"ஆச்சு."

"அப்புறம் என்ன கோளாறு?"

கண்ட்ரோல் என்பது விடை தெரிந்த கணக்கு. இத்தனைதான் வரவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு கரைசல். அதை மெஷின் சரியாகச் சொல்லிவிட்டால், தெரியாத ரத்தத்தையும் சரியாகச் சொல்லும் என்று அர்த்தம். சீஃபுக்கு வேறு சாமி கிடையாது.

"மூணு பேருக்கும் ஒரே மாதிரி கம்மியா இருக்கு சார். நாலு மணிக்கு ஒரு பொண்ணுக்கு ஊசி போடப் போறாங்க."

"மூணு பேருக்குக் கலையக் கூடாதுன்னு சட்டமா? ஆரம்பத்துல எத்தனையோ கலையுது. உனக்குத் தெரியாததா?"

அந்த வார்த்தை நெஞ்சில் போய்க் குத்தியது. அவர் தெரிந்து சொல்லவில்லை. லேபில் யாருக்கும் தெரியாது. அவள் அங்கிருந்து நகரவில்லை.

"என்னம்மா இன்னிக்கு உனக்கு? பேய் பிடிச்ச மாதிரி நிக்கிற?"

"நேத்து சாயங்காலம் புது லாட் ஏத்தினேன் சார். அதைப் பாத்துட்டு வரேன்."

முந்தின நாள் சாயங்காலம் பீட்டாவுக்கான மருந்துப் பொதி தீரப்போகிறது என்று மாமியார் கத்தித் தீர்த்ததால், புதிதாக வந்திருந்த பெட்டியைப் பிரித்து ஏற்றியவள் அவள்தான். ஒவ்வொரு புதுப் பெட்டியும் வரும்போது மெஷினுக்கு அளவைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்குப் பெட்டியிலேயே ஒரு சின்னக் குப்பியில் தூள் இருக்கும். அதைச் சரிபார்க்கிற கண்ட்ரோலுக்கு இன்னொரு குப்பியில் தூள். இரண்டிலும் ஒரு மில்லி சுத்தத் தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். ஒன்பது வருஷமாகக் கரைக்கிறாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு மில்லி என்பாள்.

காலிக் குப்பிகள் மஞ்சள் குப்பைத்தொட்டியில் கிடந்தன. கையுறை போட்டுக்கொண்டு கிளறி எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்து, சீட்டில் எறும்பு மாதிரி இருந்த எழுத்தைப் படித்தாள். இரண்டு மில்லி என்று போட்டிருந்தது. இன்னொரு குப்பியைப் பார்த்தாள். அதிலும் இரண்டு மில்லி. பெட்டிக்குள் பிரிக்காமல் கிடந்த காகிதத்தை விரித்தாள். குப்பியின் அளவு மாற்றப்பட்டிருக்கிறது, கவனிக்கவும் என்று முதல் வரியிலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். அவள் கவனிக்கவில்லை. கை தன்பாட்டுக்கு ஒரு மில்லியை எடுத்து ஊற்றிவிட்டது.

தண்ணீர் பாதியாகப் போனால் கரைசல் இரண்டு மடங்கு கெட்டி. அந்தக் கெட்டிக் கரைசலைக் காட்டி, இதுதான் நூறு என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தால், நிஜமான நூறு வரும்போது அது ஐம்பது என்றுதான் சொல்லும். கண்ட்ரோலிலும் அதே கை அதே ஒரு மில்லியை ஊற்றியிருந்ததால், அதுவும் இரண்டு மடங்கு கெட்டி. தப்பும் தப்பும் கைகோத்துக்கொண்டு எல்லாம் சரி என்று சொல்லிவிட்டன. காலையிலிருந்து போன நம்பர்கள் அத்தனையும் பாதி.

தான் செய்த தப்பைக் கண்டுபிடித்து இப்படிச் சந்தோஷப்பட்டவர் உலகத்தில் இருந்திருக்க மாட்டார். வேலை போகலாம், பெயர் கெடலாம், எக்கேடு கெட்டுப் போகட்டும். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறின் இரண்டு மடங்கு இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது. புதன்கிழமை ஆயிரத்து முந்நூற்றுப் பத்திலிருந்து அது நல்ல ஏற்றம், கிடுகிடுவென்று ஏறியிருக்கிறது. குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

அப்புறம் மணியைப் பார்த்தாள். மூன்று ஐம்பது. சீஃபிடம் சொல்லக்கூட நிற்காமல் போனை எடுத்தாள்.

"சிஸ்டர், அந்த வேன்கார பொண்ணு வந்தாச்சா?"

"வந்தாச்சு, படுக்க வெச்சிருக்கு. மருந்து எடுத்துட்டிருக்கேன்."

"கீழ வைங்க சிஸ்டர். போடாதீங்க. நம்பர் தப்பு."

"என்னக்கா சொல்றீங்க? மத்தியானம்தானே கன்ஃபர்ம் பண்ணீங்க?"

"நான்தான் கன்ஃபர்ம் பண்ணேன், நான்தான் இப்ப தப்புன்னு சொல்றேன். டாக்டர்கிட்ட போன குடுங்க."

டாக்டர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். "ஒண்ணரை மணி நேரம் வெயிட் பண்றேன். சரியான நம்பர் எழுத்துல வரணும்" என்றார். வைத்துவிட்டார்.

சீஃப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கண்ணாடி ஏற்கெனவே கழன்றிருந்தது. ஆனால் குப்பியை அவர் கையில் கொடுத்ததும் மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். "ஒன்பது வருஷ சர்வீஸ்" என்று மட்டும் சொன்னார். பிறகு கோட்டுக் கையை மடித்துக்கொண்டு அவரே வந்து பக்கத்தில் நின்றார். புதுக் குப்பிகளில் இரண்டு மில்லி ஊற்றுவதை இரண்டு பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். மாமியாருக்கு அளவு மறுபடி கற்றுக்கொடுத்து, கண்ட்ரோல் ஓட்டி முடிப்பதற்குள் மணி நாலே முக்கால்.

அன்றைய ரத்தமெல்லாம் குளிர்பெட்டியில் இருந்தது. அவசரமான மூன்று பேருடையதையும் எடுத்து வரிசையில் வைத்தாள். வேன்காரியுடையது முதலில். கடைசியாகப் பின்வரிசையில் கைவிட்டு இன்னொரு ட்யூபை எடுத்தாள்.

"நாலாவது யாரோடது? பேரே காணோம்?"

"அதுவும் ஒருத்தரோடதுதான் சார். அவங்களுக்கும் தெரிஞ்சாகணும்."

சீஃப் அவளை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ புரிந்ததோ என்னவோ, மேலே கேட்கவில்லை.

அந்தப் பதினெட்டு நிமிஷத்தில் ஊசியக்கா செய்யாத கற்பனை இல்லை. இன்றைக்கு வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். சத்தியத்தை உடைத்ததற்குத் திட்டுவார், திட்டட்டும். திட்டி முடித்ததும் இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது என்று சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டும். காலையில் எப்படிப் பதறினாள் என்பதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். வயிற்றின் மேல் கையை வைத்தாள். அது பசியில் கூச்சல் போட்டது.

வேன்காரியின் நம்பர் வந்தது. ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டு. புதன்கிழமையின் எண்ணூற்றுத் தொண்ணூறு இரண்டு நாளில் அழகாக இரட்டிப்பாகியிருந்தது. கர்ப்பப்பையில் ஒன்றும் தெரியாமல் போனதற்கு நாள் போதாததுதான் காரணம். வலிக்கு வேறு காரணம் இருக்கலாம், நாலு நாள் கழித்து ஸ்கேனில் தெரிந்துவிடும். இரண்டாவது ஆளுக்கும் இரட்டிப்பு, மூன்றாவது ஆளுக்கும் இரட்டிப்பு. சீஃப் ஒவ்வொன்றையும் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போன் இருக்கும் இடத்துக்கு ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

நாலாவது நம்பர் வந்தபோது அவள் தனியாக இருந்தாள். ஆயிரத்து நூற்று எண்பத்தாறு.

முதலில் அவள் அதை நம்பர் என்றே எடுத்துக்கொள்ளவில்லை. ட்யூப் மாறிப்போயிருக்கும் என்று பார்த்தாள். மாறவில்லை. சரியான அளவு கற்றுக்கொண்ட மெஷின், மற்ற மூன்று பேருக்கும் இரட்டிப்பாகச் சொன்ன அதே மெஷின், இவளுக்கு மட்டும் காலையில் சொன்னதையே ஏன் சொல்கிறது? கோட்டுப் பைக்குள் கையை விட்டுக் காலைச் சீட்டுகளை எடுத்தாள். அடிவரியில் பொடி எழுத்தில் லாட் எண் இருந்தது. அது புதுப் பெட்டியின் எண் இல்லை. பழைய பெட்டியின் எண்.

மாமியார் எப்போதும் அப்படித்தான். இரண்டு பொதி பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பழையதை ஒட்ட வழித்துத் தீர்த்துவிட்டுத்தான் புதியதைத் தொடும். பழையதில் இரண்டு பேருக்கான மருந்து மிச்சம் இருந்திருக்கிறது. ஆறரை மணிக்கு வந்து அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டவள் இவள். அது சரியாக அளந்த மருந்து, சரியாகச் சொன்ன நம்பர். அவளுக்குப் பிறகு வந்தவர்களுக்குத்தான் தப்பு நடந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை எத்தனையோ தடவை அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பகல் முழுக்க அது நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வர அவள் விடவில்லை.

லேபிலேயே அன்றைக்கு உண்மை சொல்லப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

வெளியே சத்தம் கேட்டது. வேன்காரி நேராக லேபுக்கே வந்துவிட்டாள். நல்ல சேதி கேட்ட சந்தோஷமும், கேட்பதற்கு முன்னால் பட்ட பாடும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கோபமாகத்தான் வெளியே வந்தது. சீஃப் குறுக்கே நின்று, "லேப்ல ஒரு சின்னத் தவறும்மா, உடனே கண்டுபிடிச்சு" என்று ஆரம்பித்தார்.

"சின்னத் தவறா சார்? யாரு பண்ணது? எனக்கு அவங்களப் பாக்கணும்."

ஊசியக்கா உள்ளேயிருந்து வந்தாள். "நான்தாம்மா பண்ணேன்."

வேன்காரி எதிர்பார்க்கவில்லை. முகம் ஒரு நிமிஷம் குழம்பியது. அப்புறம் இன்னும் கோபம் ஏறியது.

"நீங்களா? உங்கள நம்பித்தானேக்கா கைய நீட்டினேன். கட்டில்ல படுக்க வெச்சு, பஞ்சால தொடச்சாச்சு தெரியுமா? இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா முடிஞ்சிருக்கும். எங்கம்மாவுக்கு போன் பண்ணி எல்லாம் போச்சும்மான்னு அழுதேன். எம் புருஷன் வண்டிய ரோட்டுல போட்டுட்டு ஓடி வந்தாரு. வயித்துல நல்லா இருக்கிறத, இல்ல இல்லன்னு என் வாயாலயே சொல்ல வெச்சிட்டீங்களே. அப்படிச் சொல்றப்ப எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியுமாக்கா?"

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊசியக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. காலை ஆறரை மணியிலிருந்து அடக்கி வைத்தது மொத்தமும் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது வருஷமாக ஒரு சொட்டுக் கண்ணீர் யாரும் பார்க்காத அந்த முகத்தைக் கோட்டுக் கையில் புதைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளை அழுவதைப்போல அழுதாள்.

வேன்காரி மிரண்டுபோனாள். சுற்றிலும் பார்த்தாள், யாராவது வந்து பிடிப்பார்களா என்று. யாரும் வராததால் அவளே போய்த் தோளைத் தொட்டாள்.

"ஐயோ அக்கா, அழாதீங்க. நான் கோவத்துல பேசிட்டேன். நீங்கதான் போன் பண்ணி நிறுத்தினீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. வேற யாராவதா இருந்தா மூடி மறைச்சிருப்பாங்க. தப்பு யாருக்குத்தான் வராது? ஒண்ணும் ஆகலையே. நல்லாத்தானே இருக்கு. விடுங்கக்கா."

ஊசியக்கா தலையை ஆட்டினாள். "ஆமா" என்றாள். "ஒண்ணும் ஆகல. நீ பத்திரமா போ. வண்டிய மெதுவா ஓட்டு."

சீஃப் அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார். எழுத வேண்டியதைத் தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். நாலாவது ட்யூபைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை மட்டும் எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

வாசல் படியில் உட்கார்ந்து வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினாள். சுத்தியல் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் கேட்டது.

"இன்னும் முடியல. நீ வீட்டுக்குப் போயிடு, நான்..."

"என்னங்க. நான் நம்பர் பாத்தேன்."

சுத்தியல் சத்தம் நின்றது. அவர் யாரையோ சும்மா இருக்கச் சொன்னார்.

"எப்போ?"

"திங்கக்கெழம, புதன், இன்னிக்கு."

திட்டுவார் என்று காத்திருந்தாள். இன்னொரு திட்டு வாங்கினால்கூட நன்றாக இருக்கும்போல் இருந்தது. அவர் திட்டவில்லை.

"சொல்லு" என்றார்.

மூன்று நம்பரையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முந்தைய இரண்டு தடவையில் அவரும் இந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டுவிட்டார். மெஷின் தப்பாக இருக்குமோ என்றுகூட அவர் கேட்கவில்லை.

"காலைலேர்ந்து இதைத் தனியாவா வெச்சிட்டிருந்த?"

"ம்."

"அங்கயே இரு. எறங்கி வரேன்."

ஏழாவது மாடி. லிஃப்ட் ஓடாத கட்டிடம். அவர் போனை அணைக்கவில்லை, அவளும் அணைக்கவில்லை. காதில் வைத்துக்கொண்டு, அவர் ஒவ்வொரு படியாக இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.